இப்போது பத்திரமாக எடுக்கலாம்

நாத்தனாரைப் புகழ்ந்து ஒருத்தி எழுதினால், ஒன்று அவள் பொய் சொல்கிறாள், இல்லையென்றால் நாத்தனார் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் இதை எழுதும்போது அவர் வீட்டில் இல்லை. பஸ் ஏறி யாரோ ஒருவர் வீட்டுக்குப் பென் டிரைவ் வாங்கப் போயிருக்கிறார். அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்: என் கணவரின் அக்காவைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அவரோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது வேறு விஷயம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். அவருக்கு வேலை ஒலி நூலகத்தில். கண் தெரியாதவர்கள் காதால் படிப்பதற்காகப் புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் இடம் அது. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு கணினி, பின்னறையில் புத்தக அலமாரி, நடுவில் எப்போதும் மூடாத ஒரு கதவு. படித்துக் கொடுப்பவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காதவர்கள். அவரவர் வீட்டில், அவரவர் கணினி முன்னால், மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்கப் படித்துப் பதிவார்கள். நானும் அதில் ஒருத்தி. ஒரு புத்தகம் முடிந்தால் கோப்புகள் பெரிது பெரிதாக இருக்கும். எங்கள் பக்கத்து இணைய வேகத்துக்கு அவற்றை அனுப்ப ஆரம்பித்தால், போய்ச் சேருவதைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஆகவே அண்ணி நேரில் போவார். வாங்கி வந்து நூலகக் கணினியில் ஏற்றி, இருமலையும் கதவுச் சத்தத்தையும் வெட்டி எறிந்து, வேறு பென் டிரைவ்களில் இறக்கி, கேட்பவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். இந்தப் பக்கத்து வயரைப் பிடுங்கி அந்தப் பக்கத்தில் சொருகி, இருவரைப் பேசவைக்கும் வேலை. அந்த இணைப்புப் பலகை போனது, வேலையும் போனது. "பலகைதான் போச்சு, சொருகுற கை சும்மா இருக்குமா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

பென் டிரைவ்களை அவர் வைத்துக்கொள்வது ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில். ஒவ்வொன்றின் முதுகிலும் நகச்சாயத்தால் ஒரு பொட்டு இருக்கும். இந்தக் குடும்பத்தில் யாரும் நகத்துக்குச் சாயம் பூசியதில்லை, ஆனால் கடையில் எந்த நிறம் புதிதாக வந்தாலும் எங்கள் வீட்டில் இருக்கும். எனக்கு மஞ்சள். கணக்கு டீச்சருக்கு ஊதா. பாங்கிக்காரருக்குச் சிவப்பு. கேட்பவர்களுக்குப் போகும் டிரைவ்களுக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம்? அவற்றில் நூல் கட்டி முடிச்சுப் போட்டிருப்பார். ஒரு முடிச்சு கதை, இரண்டு முடிச்சு பாடம், முடிச்சில்லாத வெறும் நூல் என்றால் பாட்டு. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல. விரலால் தடவிப் பார்த்து வாங்குகிற கைகளைப் பார்த்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தது.

எல்லாரும் அவரைக் கூப்பிடும் பெயர் "பத்திரம்". நேரில் அண்ணி, அக்கா, மேடம். முதுகுக்குப் பின்னால் பத்திரம். காரணம் உண்டு. பென் டிரைவை வெளியே எடுக்கும் முன் கணினியிடம் சொல்ல வேண்டும், "இப்போது பத்திரமாக எடுக்கலாம்" என்று அது பதில் சொல்லும் வரை நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதே, உலகத்தில் அதை மதிப்பவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். நானெல்லாம் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து உருவுவது போல உருவிவிடுவேன். அவர் அப்படி இல்லை. டிரைவில் சின்ன விளக்கு மினுக்கி அடங்க வேண்டும். திரையில் அந்த வாசகம் வர வேண்டும். வந்த பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் எடுப்பார். பஸ் போய்விடும், அடுப்பில் பால் பொங்கிவிடும், அவர் நிற்பார். கேட்டால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். அந்தப் பழமொழியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பதற்றமே வியாதியாகிவிட்டது.

ஆரம்பத்தில் அவரும் உருவியவர்தானாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ் வந்துவிட்டது என்று ஒரு டிரைவை வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறார். நூலகத்தில் வந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை, ஏதோ புரியாத எழுத்துகள்தான் இருந்தன. படித்துக் கொடுத்தவர் வீட்டுக் கணினியிலிருந்தும் அதற்குள் அழித்தாகிவிட்டது. போனது ஒரு முழு வரலாற்றுப் புத்தகம். படித்தவர் பாங்கிக்காரர். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், குரலென்றால் அப்படி ஒரு குரல். அவர் பேசினால் பக்கத்து அறையில் உள்ள தண்ணீர்ப் பாத்திரம் அதிரும். அண்ணி அவர் வீட்டு வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் கோபிக்கவில்லை. "சரி, முதல் தடவை படிச்சப்ப ரெண்டு ராஜாவைக் கொழப்பிட்டேன். இப்ப சரியா படிச்சிடலாம்" என்றாராம். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்துதான் அண்ணி பத்திரமானார்.

இன்னொரு பழக்கமும் அன்று தொடங்கியது. எந்த வீட்டுக்குப் போனாலும் டிரைவை அப்படியே வாங்கிப் பையில் போட மாட்டார். "போட்டுக் காட்டுங்க" என்பார். டிரைவைச் சொருகி (முதல் தடவையில் அது எந்தக் காலத்திலும் உள்ளே போகாது, திருப்பித்தான் சொருக வேண்டும்) அதிலிருந்தே குரல் வருகிறதா என்று காதால் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவரையே ஒரு டிரைவ் ஏமாற்றிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இத்தனையும்.

பாங்கிக்காரருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகு பேச்சு இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவர் கையில் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. பிசியோதெரபி படிக்கும் ஒரு பெண்ணுக்காக. பார்வை இல்லாத பெண், விடுதியில் தனியாக இருந்து படிப்பவள், போன தடவை தேர்வில் கைப் பகுதியில்தான் கோட்டை விட்டவள். தசை, நரம்பு, மூட்டு என்று வாயில் நுழையாத பெயர்கள். எங்களில் யாரும் தொடப் பயந்த புத்தகம். பாங்கிக்காரர்தான் எடுத்துக்கொண்டார். கால், முதுகு, கழுத்து எல்லாம் முன்பே கொடுத்துவிட்டார். பாக்கி கைப் பகுதி மட்டும். தோளிலிருந்து விரல் நுனி வரை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, வலியோடு, வெந்நீர் குடித்துக் குடித்து அதைப் படித்தார்.

"வேண்டாம் சார், வேற யாராச்சும் படிக்கட்டும்" என்று அண்ணி சொல்லிப் பார்த்தார்.

"போகப்போற குரல். போறதுக்குள்ள வேலை வாங்கிக்கிறேன், விடுங்கம்மா" என்றார் அவர்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் அன்று காலை அண்ணி போனபோது, பெட்டி படுக்கையோடு வாசலில் கார் நின்றது. பாங்கிக்காரர் பெருமையாகச் சிவப்புப் பொட்டு டிரைவைக் காட்டினார். "நீங்க வர்றதுக்குள்ள நானே ஏத்தி வச்சிட்டேன்." அதுவரை ஏற்றுவது எல்லாம் அண்ணியின் வேலை. அன்றுதான் முதல் முறையாக அவரே செய்திருந்தார். கார் காத்திருந்தாலும் அண்ணி பழக்கத்தை விடவில்லை. டிரைவைச் சொருகி ஒரு கோப்பைத் திறந்தார். குரல் கணீரென்று வந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் வந்தது. விளக்கு அடங்கும் வரை நின்று, பத்திரமாக எடுத்து, கூட்டில் வைத்து, கும்பிட்டுவிட்டு வந்தார்.

நூலகத்தில் வேறொரு புத்தகம் பாதியில் கிடந்ததால், சிவப்பைத் திறக்க அண்ணிக்கு இரண்டு மூன்று நாளாகிவிட்டது. அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அண்ணி ஏற்றி முடித்துக் காலியாக்கியிருந்த என் மஞ்சளைத் திருப்பி வாங்க நான் அன்று மாடிக்குப் போயிருந்தேன். அண்ணி திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணி?"

"தொறக்க மாட்டேங்குது."

"ஒண்ணு மட்டுமா?"

"எல்லாமே. அளவைப் பாரு. ஒண்ணொண்ணும் கடுகளவு இருக்கு."

திரையில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள படத்தின் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி இருந்தது. எனக்கே புரிந்துவிட்டது. பாங்கிக்காரர் தம் கணினியின் முகப்புத் திரையில் இருந்த ஷார்ட்கட் படங்களை இழுத்து டிரைவில் போட்டிருக்கிறார். வீட்டைக் கொடுக்காமல் வீட்டு விலாசத்தை மட்டும் கொடுத்த கதை. அவர் கணினியில் சொருகியிருந்தவரை, விலாசத்தைப் பிடித்துக்கொண்டு போய் அங்கேயே இருந்த கோப்பை அது திறந்து பாடியிருக்கிறது. வெளியே வந்ததும் வெறும் விலாசம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"நான் கேட்டேன். ரெண்டைத் தொறந்து கேட்டேன்" என்றார் அண்ணி. யாரிடமோ சாட்சி சொல்வது போல. "குரல் வந்துச்சேன்னு விட்டுட்டேன். அளவைப் பாக்கல."

"தேர்வுக்குத்தான் நாள் இருக்குல்ல? நான் உக்காந்து படிச்சிடறேன் அண்ணி."

"நீ படிச்சிடுவ. அவர் இனிமே படிக்க முடியாதில்ல." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ஒரு தடவை தொலைச்சேன், மறுபடி படிச்சுக் குடுத்தார். இந்தத் தடவை எங்க போய்க் கேப்பேன்?"

பாங்கிக்காரர் வீடு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்க மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கூட்டரை நான் ஓட்ட, அண்ணி பின்னால் கூட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி.

கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் பாங்கிக்காரர். மடியில் ஒரு ஸ்லேட்டு. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அண்ணி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

அவர் எழுதினார்: "திறக்கும்."

"திறக்கல சார்."

"நீங்க இருக்கும்போதுதானே போட்டுக் காட்டினேன்?"

"ஆமா சார். உங்க வீட்ல பாடிச்சு. எங்ககிட்ட பாடல."

"உங்க கம்ப்யூட்டர் கிழம்." அதன் கீழே இரண்டு கோடு போட்டார். பேச முடியாத மனிதரோடு வாக்குவாதம் செய்வதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. நாம் பதில் சொல்ல வாயெடுத்தால் அவர் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார், அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் ஸ்லேட்டைப் பிடுங்கியிருப்பேன். அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த விலாசக் கதையை ஆற அமரச் சொன்னார். அவர் எங்கே தப்பு செய்தார் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. "நான் அளவைப் பாத்திருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

பாங்கிக்காரர் ஸ்லேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்: "அப்போ எல்லாம் வீட்டிலேயே இருக்கு. போய் எடுத்துக்கோங்க."

எழுதிய கை அப்படியே நின்றது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஸ்லேட்டைத் துடைக்காமலேயே அதன் மேலேயே எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. "கம்ப்யூட்டர் வீட்டில் இல்லை. இனி எனக்கு எதற்கு என்று மகன் விற்கிறான். காலையில் கடைக்குக் கொண்டுபோனான். துடைத்துக் கொடுக்க."

எந்தக் கடை என்று கேட்டோம். பாலத்துக்கு அடியில் என்று எழுதினார். மகனின் போன் நம்பரையும் எழுதினார். நாங்கள் எழுந்தபோது அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வராது என்பது அவருக்கே அந்த நொடியில் மறந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன். பார்க்கப் பொறுக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்கூட்டரில் நான் பறந்தேன். பின்னாலிருந்து, "மெதுவா போம்மா. பதறாத..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணி, இன்னொரு தடவை அதைச் சொன்னீங்க, உங்களை இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்!"



பாலத்துக்கு அடியில் அந்த ரிப்பேர் கடை ஒரு ஆள் அகலம்தான். சுவரோரம் கணினிப் பெட்டிகள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தன. மெக்கானிக் ஒரு பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாங்கிக்காரரின் பெட்டி எது என்று நான் கேட்பதற்குள் அண்ணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். எத்தனை தடவை அதன் முன்னால் குனிந்து நின்றவர்! முன்பக்கத்தில் ஒரு கறுப்புப் பென் டிரைவ் ஏற்கனவே சொருகியிருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதற்கு மெக்கானிக் வைத்திருப்பது. அது ஓட ஆரம்பித்தால் அந்தக் கணினியில் பாங்கிக்காரர் இருந்த அடையாளமே இருக்காது.

அண்ணி நேரே போனார். அந்தக் கறுப்பை வெடுக்கென்று பிடுங்கினார். பத்திரமாகவும் எடுக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"அக்கா! அது என்னோடது!" என்று மெக்கானிக் சோற்றுக் கையோடு எழுந்தார்.

"தெரியும் தம்பி. பெட்டியை ஓடவிட்டீங்களா?"

"இன்னும் ஆன் பண்ணவே இல்லையே. தூசி ஊதினேன், பசிச்சுது, சாப்பிட்டு வந்து அழிச்சிடலாம்னு..."

அண்ணி அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதருடைய பசிக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் சொந்தக்காரர் சொல்லாமல் திறந்து காட்ட முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நியாயம்தான். மகனுக்குப் போன் செய்தோம். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றார். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்து கண் சிவந்திருந்தது.

"சாயங்காலம் வாங்குற ஆள் வந்துடுவார். அப்பா பொழைச்சதே பெரிய விஷயம். இப்ப போய் பைலு கியிலுன்னு..."

"கொஞ்ச நேரம்தான் தம்பி."

"அந்தப் பாடத்தை வேற யாராவது படிக்கக் கூடாதா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் வாயைக் கொடுத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அண்ணி என் கையை அழுத்திவிட்டு, "படிக்கலாம் தம்பி. ஆனா இது அப்பா, வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, வலியோட படிச்சது. போட்டுப் பாத்துட்டு, வேண்டாம்னா அழிச்சிடுங்க" என்றார். மகன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

கணினி கண் விழிக்கவே ஒரு யுகம் ஆனது. கோப்புகள் இருந்தன. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். இந்தத் தடவை அண்ணி முதலில் பார்த்தது அளவைத்தான். கனமாக இருந்தன. சிவப்பில் ஒரு பிரதி, ஊதாவில் ஒரு பிரதி என்று ஏற்றினார். எவ்வளவு நேரம் பாக்கி என்று கணினி காட்டும் கணக்கு இருக்கிறதே, அது நம் வீட்டுக் கொத்தனார் சொல்லும் கணக்குதான். நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக நின்றார். ஏறி முடிந்த பிறகும் அண்ணி எழுந்திருக்கவில்லை. சிவப்பைப் பத்திரமாக எடுத்து, மெக்கானிக்கின் சொந்தக் கணினியில் சொருகினார். "இங்க பாடினாத்தான் பாட்டு" என்றார். ஒவ்வொரு கோப்பிலும் தலையும் வாலும் கேட்க வேண்டுமாம்.

சின்ன ஸ்பீக்கரில் பாங்கிக்காரர் குரல் வந்தது. கடை முழுக்க நிறைந்தது. மெக்கானிக் மெல்லுவதை நிறுத்திவிட்டார். தோளின் தலை, தோளின் வால். முழங்கை. மணிக்கட்டு. கடைசியாக விரல்களின் வால். "இத்துடன் கைப் பகுதி நிறைவடைகிறது" என்று முடித்தார் பாங்கிக்காரர். பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். நாற்காலி கிரீச்சென்றது. கதவு திறக்கும் சத்தம். பிறகு மகனுடைய குரலே வந்தது: "இன்னும் முடியலையாப்பா? தொண்டையைப் போட்டு ஏன் இப்படிக் கெடுத்துக்கிறீங்க?"

"முடிச்சாச்சு, முடிச்சாச்சு." ஒரு சிரிப்பு, அதன் நடுவில் ஒரு இருமல். "நீ சாப்பிட்டியா?"

அதோடு பதிவு நின்றது.

மேலே பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மகன் சுவரோரப் பெட்டிகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பாமலேயே கேட்டார்: "அக்கா, அந்தக் கடைசித் துண்டு எனக்குக் கெடைக்குமா?"

"பென் டிரைவ் வச்சிருக்கீங்களா தம்பி?"

அவரிடம் இல்லை. அண்ணி கூட்டைத் திறந்தார். காலியாக இருந்தது என் மஞ்சள் ஒன்றுதான். என்னை ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை, எடுத்துச் சொருகினார். ஏற்றி முடித்து, விளக்கு மினுக்கி அடங்கும் வரை நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அன்று ஒரு பஸ்ஸும் போகவில்லை, ஒரு பாலும் பொங்கவில்லை. திரையில் அந்த வாசகம் வந்தது.

"இப்ப எடுக்கலாம் தம்பி" என்றார் அண்ணி. "பத்திரம்."

மகன் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வந்த ஆளிடம் கணினி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கே அண்ணி நூலகத்தில் உட்கார்ந்து கோப்புகளைச் சுத்தம் செய்தார். இருமலை வெட்டினார், கதவுச் சத்தத்தை வெட்டினார், மகன் குரலை வெட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசிக் கோப்பைப் போட்டுக் காட்டியபோது, "கைப் பகுதி நிறைவடைகிறது" என்பதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, அதற்கப்புறம் "சாப்பிட்டியா?" என்று வந்தது.

"அண்ணி, இதை விட்டுட்டீங்களே."

"விடல. வச்சேன்."

"பாடத்துல எதுக்கு அது?"

"இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன எடைஞ்சல்?" என்று சொல்லிவிட்டு டிரைவை எடுக்க அந்த வாசகத்துக்காகக் காத்திருந்தார். நான் உச்சரிப்பில் ஒரு எழுத்துத் தப்பு விட்டால் திரும்பப் படிக்கச் சொல்லும் மனுஷி. இரண்டு முடிச்சுப் போட்ட நூலோடு அந்த டிரைவ் விடுதிக்குப் போனது.

அந்தப் பெண் தேறிவிட்டாள். கைப் பகுதியில்தான் அதிக மதிப்பெண்ணாம். கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாங்கிக்காரருக்கு ஒரு பக்கத் தோள் தூக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்று மகன் கேட்டபோது, அண்ணி அந்தப் பெண்ணைத்தான் சொன்னார். முதல் நாள் நாங்கள்தான் அழைத்துக்கொண்டு போனோம். மகன் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் பாங்கிக்காரர். அந்தப் பெண் மடக்குக் கம்பை மடித்துப் பையில் வைத்தாள். நாற்காலியின் கையைத் தடவிக் கண்டுபிடித்து அருகில் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை, தான் யார் என்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டேன் சார்" என்றாள்.

பாங்கிக்காரர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் கடைசியில கேப்பீங்க. ரூம்ல நான் மட்டும்தான் இருப்பேன். சில நாள் இல்லைன்னு சொல்லிட்டு, எழுந்துபோய் சாப்பிட்டு வந்து படிப்பேன். இன்னைக்கு சாப்பிட்டுட்டேன்."

அண்ணி குனிந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். பாங்கிக்காரர் அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்லேட்டை எடுத்தார். நிதானமாக எழுதி, அந்தப் பெண் பார்ப்பதற்குத் தோதாகத் தூக்கிக் காட்டினார். அவளுக்குக் கண் தெரியாது என்பது அவருக்கு மறந்துவிட்டது. அவர் எழுதியிருக்கிறார் என்பதே அவளுக்குத் தெரியவில்லை, பதிலுக்காக முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணி போய் நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்லேட்டைப் படித்தார்.

"'என்ன சாப்பிட்ட?'ன்னு கேக்குறார்ம்மா."